சத்தம் வராத பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைன் போடுகிறவள். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட், நாலு கிராம்பு. துடியலூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூன்று பீங்கான் ஜாடிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அம்மா ஊறுகாய் போட்டவைதான். விற்பதில்லை, வேண்டியவர்களுக்குக் கொடுப்பதோடு சரி. அதற்குக்கூடச் சட்டத்தில் இடமில்லை என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவேன். தம்பி கல்யாணத்தோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

எனக்கு வேலை ஒரு பை செய்யும் கம்பெனியில். மசாலா, நெய், ஷாம்பு, தோசை மாவு என்று பையில் அடைத்து விற்கிற எல்லாவற்றுக்கும் நாங்கள் பை செய்து கொடுக்கிறோம். என் வேலை அந்தப் பைகளைக் கெடுப்பது. தண்ணீர் நிரப்பி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவேன். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்குவேன். ஓரத்து ஒட்டு விடுகிறதா, மூடி போட்ட மூக்கில் கசிகிறதா என்று பார்ப்பேன். பதினொரு வருஷமாகப் பை உடைத்துச் சம்பளம் வாங்குகிறேன். உடைந்த பையை என் கையில் கொடுத்தால் எப்படி உடைந்தது என்று சொல்லிவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளகோவிலிலிருந்து குழந்தையம்மாள் பெரியம்மா கண் ஆபரேஷனுக்காக வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார். அப்பாவின் அண்ணன், சென்னிமலை என்று பேர் கொண்ட பெரியப்பாவின் மனைவி. ஒரு நாள் சாயங்காலம் நான் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். எனக்கும் கொஞ்சூண்டு குடு என்றார். குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அறுபத்திரண்டு வயசுக்கு மேல் அந்த அம்மாளுக்கு என்று ஒரு ருசி கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாட்டில் வேண்டாங் கண்ணு. ஒண்ணோட ஒண்ணு இடிச்சாச் சத்தம் வரும். பஸ்ஸுல நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. ஊட்லயும் உங்க பெரியப்பாவுக்குப் பாம்புக் காது."

பை செய்கிறவளிடம் இதைச் சொன்னால் போதாதா? முதலாளி பாலகோபால் சாரிடம் கேட்டு, மூக்கு வைத்த பைகளில் ஒரு கட்டு வாங்கி வந்தேன். உள்ளும் புறமும் வெள்ளி நிறம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சேலைக்கு நடுவில் படுக்கப் போட்டால் படுத்துக்கொள்ளும். காலியானால் மடித்துப் பால் கவரோடு எறிந்துவிடலாம். முக்கியமாக, சத்தம் வராது. பெரியம்மா சொல்லி அவர் தங்கை கேட்டார். தங்கை சொல்லி இரண்டு அத்தைகள் கேட்டார்கள். காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருக்கும் பெரியம்மாவின் மகள் கேட்டாள். ரிட்டயரான ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். போன வருஷம் எண்ணிப் பார்த்தபோது பதினொரு பெண்கள். தனக்குச் சொன்னவரைத் தவிர வேறு யாரும் வாங்குவதில்லை என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சொந்தத்தில் ஆண்கள் குடிப்பதற்குப் பை தேவையில்லை. எந்தக் கல்யாணமானாலும் மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கி திறந்திருக்கும். பந்தி பரிமாறுகிற டம்ளர் அங்கேதான் காணாமல் போகும். பெரியப்பாவும் அங்கேதான் இருப்பார். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. "கொஞ்சம் பேசிட்டிருக்காங்க" என்பார்கள்.

இந்த வைகாசியில் என் தம்பி மோகன்குமாருக்குக் கல்யாணம் வைத்தோம். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா போய் இரண்டு வருஷம். அதனால் பெரியப்பாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மண்டபமும் வெள்ளகோவிலிலேயே. கூறைச்சேலையை எடுத்து அவர் வீட்டு பீரோவிலேயே வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளை பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவள் உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் தோளில். கல்யாணமானாலும் அக்கா தங்கை உறவு விட்டுப்போகாது என்று சபை முன்னால் சொல்வது அது. வாழ்க்கையில் ஒரே தடவைதான். எனக்கு இருப்பதும் ஒரே தம்பிதான். அம்மா அந்தச் சீருக்கென்றே எனக்கு மாம்பழக் கலரில் ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தார். அதை நான் கட்டி அவர் பார்க்கவில்லை. அதனால் அந்த மணையில் நான் உட்கார வேண்டும் என்பது எனக்கு வெறும் சடங்கு இல்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெரியப்பா போன் செய்தார். "உடனே பொறப்பட்டு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நானும் மோகனும் போனோம்.

கூடத்தில் கட்டில் மேல் கூறைச்சேலை விரித்துக் கிடந்தது. நடுவில் பெரிய கத்தரிப்பூ நிறக் கறை. வாசலில் துவைக்கிற கல் மேல் என் வெள்ளிப் பை ஒன்று சப்பையாகக் கிடந்தது. பெரியம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"டானிக்குன்னு சொல்லிக் குடுத்தியாமா?" என்றார் பெரியப்பா. "ஒடம்புல ரத்தம் ஊறும்னு சொன்னியாமா? பீரோவுக்குள்ள தானா வெடிச்சுருக்குது. ஒண்ணுந் தெரியாத பொம்பளைக்குச் சாராயம் குடுத்திருக்கறே நீயி."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். டானிக் என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

"சாராயம் இல்லீங்க பெரியப்பா. வைனுங்க."

"ரெண்டும் போதைதான?"

"நீங்க குடிக்கறதுங்க?"

"அது கவர்மெண்டு சரக்கு. அவனே கடை வெச்சு விக்கறான். நீ பண்றது திருட்டுச் சரக்கு."

மோகன் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் வெளியே போய்த் துவைக்கிற கல்லிலிருந்த பையை எடுத்தேன். கோபம் வந்தால் என் கை வேலை செய்யும், வாய் பிறகுதான். பையில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி, இரண்டு கையாலும் அழுத்தினேன். ஓரத்து ஒட்டு நன்றாக இருந்தது. மூக்கும் கசியவில்லை. பையின் வயிற்றிலிருந்து மட்டும் மெல்லிய நூலாகத் தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. வெடித்த பை அப்படிப் பீய்ச்சாது, கிழிந்து வாயைத் திறக்கும். இது உருண்டையாக, சுத்தமாக, ஒரே ஒரு ஓட்டை. ஊக்கால் குத்தியது.

எனக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை பெரியம்மா இனிப்பாக வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் கடைசியில் நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஒரு வாரம் பொறுக்காமல் பையில் அடைத்துவிட்டேன். இனிப்பைக் கண்டதும் அது மறுபடி பொங்க ஆரம்பித்திருக்கிறது. வெள்ளகோவில் வெயிலில் பீரோவுக்குள் பை உப்பியிருக்கிறது. அது என் தப்பு. பதினொரு வருஷம் பை உடைத்தவள் செய்யக்கூடாத தப்பு. உப்பிய பையைப் பார்த்ததும் பெரியம்மா, மாவுப் பாக்கெட்டுக்கு நாமெல்லாம் செய்வதையே செய்திருக்கிறார். தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, காற்றுப் போகட்டும் என்று ஒரு குத்து. மாவு கெட்டி, காற்று மட்டும்தான் வரும். வைன் சும்மா இருக்குமா?

சமையலறைக்குள் போனேன். பெரியம்மாவின் கை தாலிக்கொடியில் இருந்தது. அதில் மூன்று ஊக்குகள்.

"சொல்லிப்போடாத கண்ணு" என்றார். "அவருக்குத் தெரிஞ்சா இந்த ஊட்ல நான் இருக்க முடியாது."

திட்ட வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். மூன்று வருஷம் என் வைனைக் குடித்துச் சிரித்தவர், என்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை ஊக்குகளைச் சேர்த்து மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். திட்டாமல் வெளியே வந்து, பையை உதறி, மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார்.

"சேலை போனாப் போவுது. ஆர்.எஸ்.புரம் போனா வேற எடுத்துக்கலாம். ஆனா இணைச்சீருக்கு நீ உக்காரோணும்னா, ஜாடியை எல்லாம் ஒடைச்சுப்போடு. சீருக்கு முந்தி சபையில உங்க பெரியம்மா கால்ல உழுந்து, தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு சொல்லு. இல்லீன்னா என்ற மக உக்காருவா."

அவர் மகள் என் பதினொரு பேரில் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் தப்பாகிப் போனது.

"தெரிஞ்சுதானுங்க பண்ணுனேன்" என்றேன். "தெரியாமப் பண்ணுனேன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. உக்காராமயும் இருக்க மாட்டேனுங்க."

வீட்டுக்கு வந்து என் கணவர் பிரவின்குமாரிடம் பையைக் காட்டினேன். லேத் பட்டறை வைத்திருக்கிறவர், ஓட்டையைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதக் கொண்டுபோய் உங்க பெரியப்பா முன்னால வை. முடிஞ்சுது."

"வெச்சா அவரு யாரைக் கேப்பாரு? நான் பஸ் ஏறி வந்துருவேன். அந்த ஊட்ல இருக்கப்போறது அவங்கதான?"

அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். ஜாடிக்கு மூடித்துணி மாற்றிக் கட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

அந்த ஒரு வாரத்தில் எனக்குப் பத்துப் பெண்களிடமிருந்து போன் வந்தது. எப்படியோ விஷயம் பரவிவிட்டது. யாரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. என் பேரைச் சொல்லிவிடாதே என்றுதான் கேட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் கொஞ்சம் நாசூக்காக, "அந்த லிஸ்ட் எதுவும் எழுதி வைக்கலியே அம்மணி?" என்றார். பத்தாவது போனை வைத்தபோது எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் என் மேலேயே திரும்பியது. சத்தம் வராத பையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தானே. ஒளித்துக் குடிக்க வசதி செய்து கொடுத்துவிட்டு, எனக்காகச் சத்தம் போடவில்லை என்று அவர்களிடம் கோபித்துக்கொண்டால் எப்படி? அன்றைக்கு மிச்சமிருந்த வெள்ளிப் பைகளை எடுத்து, அழியாத மையால் ஒவ்வொன்றிலும் என் பெயரோடு பெரிதாக எழுதினேன்: வைன், அக்ஷயா, துடியலூர். இனி யார் கேட்டாலும் இதில்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மோகன் வந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா முடிஞ்சுதுக்கா. வாய் வார்த்தைதான?"

"நீ பண்ணாத தப்புக்கு உன்னை யாராச்சும் சபையில கால்ல உழுகச் சொன்னா உழுவியா?"

அவன் காலால் தரையைத் தேய்த்தான்.

"எனக்குப் பக்கத்துல நீதான் உக்காரோணும். வேற யாரும் வேண்டாம்."

"அப்ப நான் வந்து உக்காருவேன். எந்திரின்னு அவங்க சொல்லும்போது நீ குனிஞ்சுக்காம இரு. அது போதும்."

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு நான் அம்மாவின் மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். கைப்பையில் அந்த ஓட்டைப் பை இருந்தது. காட்டுவதற்கு என்று கொண்டுபோகவில்லை. காட்ட மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆனால் உண்மை என் பக்கத்தில் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள எனக்கு அது வேண்டியிருந்தது.

சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரர் செங்கோடன் ஐயா புதுக் கூறைச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கூடப் பொறந்தவளை வரச் சொல்லுங்க" என்றார். பெரியப்பா தன் மகளைப் பார்த்தார். அவள் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை காலில் ஏற்கனவே ஷூ இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

நான் போய் மோகன் பக்கத்து மணையில் உட்கார்ந்தேன்.

நாதஸ்வரக்காரர் எதையோ உணர்ந்து ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"எந்திரி" என்றார் பெரியப்பா. "மொதல்ல கால்ல உழு. சொல்ல வேண்டியதைச் சொல்லு. அப்பறம் உக்காரு."

"பெரியம்மாவுக்கு நான் ஒரு தப்பும் பண்ணலீங்க பெரியப்பா. வைன் போடறேன். அது எல்லாத்துக்கும் தெரியட்டும். அதுக்காக என்ற தம்பிக்கு நான் அக்கா இல்லைன்னு ஆயிருமாங்க?"

"டானிக்குன்னு ஏமாத்துனது தப்பில்லையா?"

இதற்கு எனக்குப் பதில் இருந்தது. கைப்பைக்குள்ளேயே இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நேராகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் வேண்டுதல். பக்கத்தில் மோகன் குனியவில்லை. "அக்கா எந்திரிச்சா நானும் எந்திரிச்சுருவேனுங்க" என்றான்.

பெரியப்பா செங்கோடன் ஐயா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இப்படிப்பட்டவ உக்காந்தா சீர் சீராகுமா?"

செங்கோடன் ஐயா பதில் சொல்வதற்குள் பெரியம்மா மேடை ஏறினார். முழங்கால் வலிக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. நேராக என் முன்னால் வந்து நின்றார். தாலிக்கொடியை வெளியே எடுத்து ஒரு ஊக்கைக் கழற்றினார்.

"பை வெடிக்கலீங்க" என்றார். பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது. "நாந்தான் இந்த ஊக்குல குத்துனேன். மாவுப் பாக்கெட்டாட்டம் காத்துப் போயிரும்னு நெனச்சேன். டானிக்குன்னு இவ சொல்லலீங்க. நாந்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். வைனுன்னு தெரிஞ்சுதான் வாங்குனேன். மூணு வருசமாக் குடிக்கறேன். நல்லா இருக்குது."

பெரியப்பா அந்த ஊக்கைப் பார்த்தார். "நீயா?" என்றார்.

"ஆமாங்க. மண்டபத்துக்குப் பின்னால நீங்க பேசிட்டிருக்கற நேரத்துல, நான் ஊட்ல உக்காந்து குடிக்கறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ்தான் என்று நினைக்கிறேன். அதைத் தொடர்ந்து இன்னொருத்தர், பிறகு பெரியம்மாவின் தங்கை. ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆண்கள் யார் சிரிப்பது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணினால் தங்கள் வீட்டுப் பெண்களும் அதில் வருவார்கள், அவர்களுக்குத்தான் சங்கடம்.

"நேரம் ஆவுதுங்க" என்றார் செங்கோடன் ஐயா. சேலையின் ஒரு தலைப்பை மோகன் கையில் கொடுத்துவிட்டு, மறு தலைப்பைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா அதை என் தோளில் போட்டார். புதுப் பட்டு, வழுக்கியது. கையிலிருந்த ஊக்கால் அதைச் சேர்த்துக் குத்தினார். ஊக்கு என் தோளிலும் லேசாகக் குத்தியது.

சீர் முடிந்து, தாலி கட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது பெரியப்பாவை எங்கும் காணோம். மண்டபத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். டம்ளர் இல்லாமல். பெரியம்மாவை இன்றைக்கு வீட்டில் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. கைகழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்து, ரெண்டு நாள் எங்களோடு துடியலூருக்கு வந்து இருங்களேன் என்றேன்.

"நான் எதுக்கு வாரேன்? அது என்ற ஊடு" என்றார்.

ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கித் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டார். பெயர் எழுதிய பைகள் இருக்கின்றன, இனி சர்க்கரை போட்டுப் பொறுத்திருந்து அடைத்துக் கொடுக்கிறேன், உப்பாது என்று சொன்னேன்.

"பை வேண்டாங் கண்ணு" என்றார் பெரியம்மா. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இனிமேப் பாட்டில்லயே குடுத்துடு. ரெண்டாக் குடு."